கிலோ ஒன்றுக்கு

லிலோங்வேயில், அமைச்சகத்தின் மூன்றாம் மாடியில்
அந்த எண்ணை முதலில் பார்ப்பவன் நான்.
அமைச்சருக்கும் முன்னால் என்றால்
சிரிப்பீர்கள்.
தட்டச்சு செய்பவனுக்கு எல்லாமே
வானொலிக்கு ஒரு நாள் முந்தித் தெரியும்.

"மக்காச்சோளம், கிலோ ஒன்றுக்கு,
குறைந்தபட்சக் கொள்முதல் விலை..."
அப்புறம் ஒரு வெற்றிடம்.
ஏப்ரல் முழுக்க அதன் முன்னால்
உட்கார்ந்திருப்பேன்.

கசுங்குவிலிருந்து அக்கா கூப்பிடுவாள்.
டியோங்கே. ஒன்றரை ஏக்கர். உரக்கடன்.
"அறுநூறாவது போடச் சொல்லடா.
உர மூட்டை என்ன விலை என்று
உனக்குத் தெரியாததா."
வீட்டுக்குப் போனால் மடாலோ
மாவு வாளியைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருப்பாள்.
"ஏற்றிவிடாதீர்கள். போன தடவை
பிள்ளைகள் தட்டை நக்கியதை
நீங்கள் பார்க்கவில்லை. ஆபீசில் இருந்தீர்கள்."
இருவருக்கும் ஒரே பதில்தான்:
நான் தட்டச்சு செய்பவன்.

துணைச் செயலர் கலிரானி
ஒரு தாளில் மூன்று எண்கள் கிறுக்கி வந்தார்.
ஒன்று வயலுக்கு.
ஒன்று நகரத்துக்கு.
மூன்றாவதன் கீழ் இரண்டு கோடு: கஜானாவில் இருப்பது.
பாகப்பிரிவினைக்கு வந்த பங்காளிகள் போல
மூன்றும் முகம் திருப்பிக்கொண்டு நின்றன.
கடைசியில் ஐந்நூறு என்றார்.
ஏன் ஐந்நூறு?
"வாசிக்கச் சுலபம்."
வேடிக்கைக்குச் சொன்னாரா,
இன்றுவரை தெரியவில்லை.

வானொலி ஐந்நூறு குவாச்சா என்றது.
அரசுக் கிடங்கு ஜூலையில்தான் திறந்தது.
அதுவரை சாவி இருந்தது,
கொடுக்கப் பணம் இல்லை.
பள்ளிக் கட்டணம் ஜூலை வரை பொறுக்குமா?
மே இரண்டாம் வாரம் ஃபைசன் லாரியோடு வந்தான்.
மாமரக் கிளையில் தராசைக் கட்டினான்.
கிலோ இருநூற்றெண்பது.
தராசு அவனுடையது,
ஆகவே கிலோவும் அவனுடையது.

அக்கா ஆறு மூட்டை போட்டாள்.
மகனின் கிழிந்த பள்ளிச் சட்டையிலிருந்து
நீல நூல் உருவி
ஆறின் வாயையும் தைத்தாள்.
ஒரு தையல் நீளம், ஒரு தையல் குட்டை.
அவள் எதையும் அப்படித்தான் தைப்பாள்.

ஃபைசனைத் திட்டித் தீர்க்கலாம் என்று பார்த்தேன்.
அவனுக்கும் லாரி வாடகை, வாரவட்டி,
மூன்று சோதனைச் சாவடி, கிடங்கில் வண்டு.
இறக்கி வைக்க இடமில்லாமல்
அந்தத் திட்டை நானே சுமந்து திரிந்தேன்.

ஜனவரி.
செடி முழங்கால் உயரம், பானை காலி.
சந்தையில் கிலோ ஆயிரத்து நூறு.
ஏற்றுமதிக்குத் தடை என்றொரு ஆணை;
அதையும் நான்தான் அடித்தேன், இரண்டு எழுத்துப்பிழையோடு.
அன்று விலை நாற்பது இறங்கியது.
மறுநாள் அறுபது ஏறியது.

சம்பளத்தில் முன்பணம் வாங்கி
ஒரு மூட்டை எடுத்துவந்து
சமையலறைச் சுவரில் சாய்த்தேன்.
மடாலோ கத்தியோடு வந்தாள்.
குனிந்தவள் நிமிரவில்லை.

மூட்டை வாயில் நீல நூல்.
ஒரு தையல் நீளம்,
ஒரு தையல் குட்டை.

அக்காவைக் கூப்பிட்டேன்.
தவிடு வாங்க வரிசையில் நிற்பதாகச் சொன்னாள்.
ஒளிக்க மனம் வரவில்லை, சொல்லிவிட்டேன்.
எட்டு மாதம் கழித்து உன் சோளம்
என் வீட்டுக்கு விருந்து வந்திருக்கிறது, அக்கா.
கொஞ்ச நேரம் வரிசையின் இரைச்சல் மட்டும் கேட்டது.
பிறகு,
"வண்டு விழுந்திருக்கிறதா பார்.
சாம்பல் கலந்துதான் வைத்தேன்."

விழவில்லை.
மடாலோ கத்தியை வைத்துவிட்டு
முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.
நூலை அறுக்கவில்லை.
பாதியை அளந்து வேறு சாக்கில் கொட்டி
அதே நூலால் தைத்து
கசுங்கு பஸ்ஸின் கூரையில் ஏற்றினோம்.

ஏற்றுக்கூலி, கிலோ ஒன்றுக்கு நாற்பது.
அந்த நாற்பதை மட்டும்
எந்தத் தாளிலும் நான் அடித்ததில்லை.